பத்துக்குப் பத்தில் குழந்தைகள் அறை: தரையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

சென்னையோ கோவையோ மதுரையோ, இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் சின்ன அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி, மிஞ்சிப்போனால் பத்துக்குப் பதினொன்று. அதற்குள்தான் பிள்ளைகள் விளையாட வேண்டும், தூங்க வேண்டும், கொஞ்ச வருஷத்தில் படிக்கவும் வேண்டும். ஊரிலிருந்து பாட்டி வந்தால் அவருக்கும் அதே அறைதான். இந்த வழிகாட்டி அந்த அறைக்காக எழுதியது. விளையாடத் தனி அறை ஒதுக்க முடிந்தவர்களும் இதே வரிசையில் போகலாம், அளவுகள் மட்டும் மாறும்.

நான் சொல்ல வருவது இதுதான்: குழந்தைகள் அறையில் முதலில் ஒதுக்க வேண்டியது காலித் தரை. கட்டில், அலமாரி, மேசை எல்லாம் மிச்ச இடத்தில் வரட்டும். நம் வீடுகளில் பிள்ளைகள் ஆறேழு வயது வரை அம்மா அப்பாவோடுதான் தூங்குகிறார்கள். அதில் தவறும் இல்லை. அதனால் முதல் சில வருஷங்களுக்கு இந்த அறை பகல் அறை. பகலில் பிள்ளைகள் இருப்பது தரையில்தான்: ரயில் ஓட்டுவது, செப்பு வைத்துச் சமைப்பது, குப்புறப் படுத்துப் படம் வரைவது எல்லாமே அங்கேதான். அப்படியிருக்க, கடையில் பார்த்த கார் வடிவக் கட்டிலை வாங்கி அறை முழுக்க நிரப்பிவிட்டால் பிள்ளைகள் ஹாலுக்கு வந்துதான் விளையாடுவார்கள். அறை சும்மா கிடக்கும்.

முதல் படி: அளந்து, கட்டம் போட்ட தாளில் வரையுங்கள்

கணக்கு நோட்டுத் தாள் ஒன்று போதும். ஒரு கட்டம் அரை அடி என்று வைத்துக்கொண்டு அறையை வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, ஸ்விட்ச் போர்டுகள் எங்கே, ஃபேன் கொக்கி எங்கே, லாஃப்ட் எந்தச் சுவரில் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். ஃபேனை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்பது கட்டில் பற்றிப் பேசும்போது புரியும்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். அலமாரியின் ஆழம் 2 அடி. எதிர்ச் சுவரில் ஐந்தடி அகல டபுள் காட் போட்டால் இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது 3 அடி. அலமாரிக் கதவைத் திறந்தால் அதுவும் போச்சு, நடைபாதை மட்டும்தான் இருக்கும். அதே இடத்தில் மூன்றடி அகல ஒற்றைக் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் நடுவில் 5 அடி அகலத்துக்கு, அறையின் முழு நீளத்துக்கும் தரை கிடைக்கிறது. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து பரப்பி விளையாட அது தாராளம். கட்டிலே வாங்காமல் சில வருஷம் பாயும் மெத்தையுமாக ஓட்டினால் இன்னும் நல்லது.

வரைந்து முடித்ததும் அறைக்குள் போய்த் தரையில் உட்காருங்கள். உங்கள் கண் இப்போது கிட்டத்தட்ட இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை நின்றுகொண்டு பார்க்கும் உயரமும் அதை ஒட்டியதுதான். மேசை முனை நேரே நெற்றிக்கு வருவதும், ப்ளக் பாயின்ட் கை எட்டும் தூரத்தில் இருப்பதும், ஜன்னல் வெறும் வானமாகத் தெரிவதும் அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். அறையில் செய்யப்போகும் ஒவ்வொரு வேலையையும் அந்த உயரத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாம் படி: ஆபத்தானவற்றை முதலில் முடியுங்கள்

அழகுக்குச் செலவு செய்வதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். பணம் குறைவாக இருந்தால் இந்தப் படியோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. பெயிண்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜன்னலிலிருந்து தொடங்குவோம். கிரில் இல்லாத ஸ்லைடிங் ஜன்னல்கள் இப்போது புது ஃபிளாட்டுகளில் நிறைய வருகின்றன. தரைத் தளத்துக்கு மேல் எந்த மாடியாக இருந்தாலும் குழந்தைகள் அறை ஜன்னலுக்குக் கிரில் வேண்டும், கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அதைவிட அகலமாக இருந்தால் சிறு பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். கம்பிகள் செங்குத்தாக இருக்கட்டும். படுக்கை வசத்தில் போட்ட கம்பி பிள்ளைகளுக்கு ஏணிப்படி. கொசுவலையை நம்பிக் கிரிலை விட்டுவிடாதீர்கள். சாய்ந்தால் வலை சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். ஜன்னலுக்குக் கீழே கட்டில், மேசை, பொம்மைப் பெட்டி என்று ஏறி நிற்க வசதியாக எதையும் போடாதீர்கள். பால்கனிக்கும் இதே விதிதான், அங்கே பூந்தொட்டி ஸ்டாண்ட்கூட ஏணிதான்.

அடுத்தது, உயரமான சாமான்களைச் சுவரோடு பிணைப்பது. புத்தக அலமாரி, டிராயர் பெட்டி, டிவி ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குழந்தை கீழ் டிராயர்களை வரிசையாக இழுத்து, படி மாதிரி ஏறும். எடை முன்பக்கம் வந்ததும் பெட்டி அப்படியே அதன்மேல் சாயும். இதனால் குழந்தைகள் இறந்த பிறகு 2016இல் ஃபர்னிச்சர் விற்கும் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2.9 கோடி டிராயர் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. வேலை எளிதானது. மேல் விளிம்பில் எல் வடிவ இரும்பு ஆங்கிள் இரண்டு, சுவரில் டிரில் போட்டு ப்ளக், திருகு, அவ்வளவுதான். செங்கல் சுவர் என்றால் சாதாரண நைலான் ப்ளக் பிடிக்கும். புதுக் கட்டடங்களில் வரும் வெள்ளை நிறக் காற்றடைத்த பிளாக் சுவரில் அது கழன்று வந்துவிடும், அதற்கென்று உள்ள ப்ளக்கைக் கேட்டு வாங்குங்கள். ஆசாரி வேலை முடித்துக் கிளம்புவதற்குள் இதைச் செய்ய வையுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

கரண்ட். கை எட்டும் உயரத்தில் இருக்கும் ப்ளக் பாயின்ட் எல்லாம் ஷட்டர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளக்கின் மேல் பின் நுழைந்தால்தான் கீழ் ஓட்டைகள் திறக்கும் வகை அது. பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது மெயின் போர்டில் போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.தான். கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய வீடுகளில் வெறும் ஃபியூஸ் அல்லது எம்.சி.பி. மட்டும்தான் இருக்கும். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. எலக்ட்ரீஷியன் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கதவு. உள்பக்கத் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டினால் ஒரு நாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும். தாழ்ப்பாளை ஐந்தடிக்கு மேலே மாற்றுங்கள், அல்லது வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டாகப் போடுங்கள். ஜன்னல் வழியாகக் காற்று வீசும் அறைகளில் கதவு அறைந்து விரல் நசுங்குவது அடிக்கடி நடக்கும். ஒரு மேக்னெட் ஸ்டாப்பர் போட்டால் கதவு அசையாது. கீல் பக்க இடுக்கை மறக்காதீர்கள். விரல் மோசமாக நசுங்குவது அங்கேதான்.

தூளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேலைத் தூளியில் ஆடி வளராத பிள்ளை நம்மிடையே குறைவு. எனக்கும் அது பிடித்த விஷயம். ஆனால் கைக்குழந்தை வளர்ந்த பிறகும் தூளி அறையிலேயே தொங்குகிறது. மூத்த பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடுகிறார்கள். சேலை கழுத்தை இறுக்கிப் பிள்ளைகள் இறந்த செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தை தூளியில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இறக்கியதும் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட வேண்டும். தொங்கும் ஜன்னல் திரைக் கயிறு, நீளமான நாடா, ஊஞ்சல் கயிறு எல்லாம் இதே கணக்கில் வருபவை. திரைக்குக் கயிறே இல்லாத சாதாரணத் துணித் திரை போதும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருக்கும் அறையில் 4.5 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்த பந்தோ கோலியோ கூடாது. ரிமோட், சத்தம் போடும் பொம்மை, விளக்கு எதிலாவது பட்டன் பேட்டரி இருந்தால் மூடி திருகு போட்டதாக இருக்க வேண்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறையோடு ஒட்டிய குளியலறை இருந்தால் வாளியில் தண்ணீர் நிறைத்து வைக்காதீர்கள், வெளித்தாழ்ப்பாளை மேலே போடுங்கள். தவழும் குழந்தை மூழ்க ஒரு வாளித் தண்ணீர் போதும்.

மூன்றாம் படி: பெயிண்ட்

புது வீட்டுக்காரர்களுக்கு இது எளிது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவின் மேல் ஈயம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளூரில் கலந்து, லேபிள் இல்லாமல் விற்கும் எனாமலைத் தவிருங்கள்.

பழைய வீட்டில்தான் கவனம் வேண்டும். 2017க்கு முன் அடித்த கதவு, ஜன்னல் எனாமலில், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பல் முளைக்கும் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கடிக்கும், உரிந்து விழுந்த சில்லை எடுத்து வாயில் போடும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பாதிப்பு திரும்பாது. இதைவிட மோசம், பெயிண்டர் வந்து உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடியே தேய்ப்பது. அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். பழைய எனாமலைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் தங்க வையுங்கள். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயிண்ட் உரியாமல் உறுதியாக இருந்தால் தண்ணீர் தொட்டே லேசாகச் சொரசொரப்பாக்கி மேலே புதிதாக அடிப்பதே நல்லது.

சுவருக்கு, கழுவக்கூடிய எமல்ஷன். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கிரேயான் கிறுக்கலை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அதை அறை முழுக்க அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தரையிலிருந்து நான்கடி வரைக்கும் அதை அடித்து, மேலே சாதாரண எமல்ஷன் அடிக்கலாம். நடுவே ஒரு கோடு இழுத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஒரு சுவரின் கீழ்ப் பகுதியில் மூன்றடி உயரத்துக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். கிறுக்க ஓர் இடம் இருக்கும் பிள்ளை மற்ற சுவர்களை ஓரளவு விட்டுவைக்கும். கார்ட்டூன் படம் போட்ட வால்பேப்பர் எனக்குப் பிடிக்காது. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அதன் பின்னால் பூஞ்சை பிடிக்கும். மூன்று வயதில் கெஞ்சிக் கேட்ட கதாபாத்திரத்தை ஏழு வயதில் பிள்ளை திரும்பிப் பார்க்காது. அது வேண்டுமென்றால் ஒரு தலையணை உறையில் வரட்டும், சுவருக்கு வேண்டாம்.

நான்காம் படி: தரை

பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் ஈரம் பட்டால் வழுக்கும். டைல்ஸ் இனிமேல்தான் போடப்போகிறீர்கள் என்றால் மேட் ஃபினிஷ் கேளுங்கள். பழைய வீட்டு மொசைக் தரையோ சிவப்பு ரெட் ஆக்சைடு தரையோ இருந்தால் அதை உடைக்காதீர்கள். கோடையில் குளிர்ச்சியாக இருக்கும், பிள்ளைகள் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்க அதுபோல் வராது.

தரைமேல் விரிக்க நம்மிடம் நல்ல சாமான்கள் இருக்கின்றன. பவானி ஜமக்காளம் கனமான பருத்தி, துவைக்கலாம், வெயிலில் போட்டு உலர்த்தலாம். மடிந்த ஓரம் தடுக்காமல் இருக்க அடியில் வழுக்காத ரப்பர் வலை போடுங்கள். கோரைப் பாய் வெயில் காலத்துக்கு ஏற்றது. முடி நீண்ட கார்ப்பெட் வேண்டவே வேண்டாம், தூசிப்பூச்சிக்கு அது வீடு. ஈரப்பதம் கூடிய ஊரில் இழுப்பு, தும்மல் உள்ள பிள்ளைக்கு அது நேரடித் தொல்லை. ஃபோம் பாய்களைத் தவழும் குழந்தைக்காக வாங்கினால், பிரித்து வாசனை போகும் வரை பால்கனியில் காற்றாட விட்டுவிட்டுப் பிறகு விரியுங்கள். நெடி போகவே இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: படுக்கை

ஒரு வயது வரை குழந்தைக்குத் தனி அறை தேவையே இல்லை, பெற்றோர் அறையிலேயே தனிப் படுக்கை போதும். சமமான, அழுத்தினால் குழியாத மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்றும், சுற்றிலும் தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் கூடாது என்றும் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடைகளில் விற்கும் குட்டி மெத்தை, தலையணை, பம்பர் (தொட்டிலின் உள்சுற்றில் கட்டும் மெத்தைப் பட்டை) செட்டில் பாதிக்கு மேல் தேவையில்லாதவை.

இரண்டிலிருந்து ஆறு வயது வரை நான் சொல்வது தரைப் படுக்கை. நான்கு அங்குல இலவம் பஞ்சு மெத்தை அல்லது தேங்காய் நார் மெத்தை, அடியில் பாய். விழுந்தாலும் அடிபடாது, பிள்ளை தானே ஏறி இறங்கும், பகலில் மடித்து வைத்தால் தரை திரும்பக் கிடைக்கும். டைல்ஸ் தரையில் மெத்தையை நாள்கணக்கில் எடுக்காமல் போட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும், அதனால் தினம் தூக்கி நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை வெயிலில் காட்டினால் இன்னும் நல்லது.

இரண்டு பிள்ளைகள் என்றதும் எல்லோரும் கேட்பது மாடிக் கட்டில், அதாவது பங்க் பெட். இங்கேதான் ஃபேன் கணக்கு வருகிறது. அறை பத்தடி, ஃபேன் நடுவில். இறக்கை முனையோடு சேர்த்து நான்கடி விட்டம், அதாவது நடுவிலிருந்து இரண்டடி. சுவரிலிருந்து இறக்கை முனைக்கு மிச்சம் மூன்றடி. கட்டிலின் அகலமும் மூன்றடி. ஆக, மேல் கட்டிலின் வெளி விளிம்புக்கு நேர் மேலே இறக்கை சுழல்கிறது. மேல் மெத்தை சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்கும், அதில் நான்கடிப் பிள்ளை எழுந்து நின்றால் தலையே ஒன்பதடி. ஃபேன் இறக்கையும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான். கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுப் படங்களில் வரும் அறைகளில் பெரும்பாலும் சீலிங் ஃபேன் இருப்பதில்லை, அதனால் அந்தப் படங்களைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது.

சரி, மாடிக் கட்டில்தான் வேண்டும் என்றால் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, கட்டிலில் இருந்து கை எட்டாத எதிர்ச் சுவரில் கூண்டு போட்ட வால் ஃபேன் மாட்டுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்க வைக்காதீர்கள். மேல் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தடுப்பு வேண்டும், சுவர்ப் பக்கமும்தான். தடுப்பு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும், கம்பி இடைவெளி மூன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கனமான மெத்தையைப் பிறகு வாங்கிப் போட்டால் இந்த 5 அங்குலம் காணாமல் போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த அளவு அறைக்கு ஒற்றைக் கட்டிலும் அதன் அடியில் சக்கரம் வைத்து இழுக்கும் இன்னொரு தாழ்வான கட்டிலும்தான் சரி. ராத்திரி இழுத்துக்கொள்ளலாம், காலையில் உள்ளே தள்ளினால் தரை காலி. ஆசாரியிடம் சொன்னால் ப்ளைவுட்டில் செய்து கொடுப்பார். முனைகளை உருட்டி விடச் சொல்லுங்கள், வெட்டு விளிம்பு முழுவதையும் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள். மூடாத ப்ளைவுட், எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) விளிம்புகளிலிருந்துதான் பசையின் ஃபார்மால்டிஹைடு நெடி அதிகம் வரும்.

ஆறாம் படி: விளையாட்டு மூலை

1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளியில் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் குழந்தை அளவில் செய்து வைத்தார். குழந்தை தானே எடுத்து, தானே திருப்பி வைக்கும்படியான ஏற்பாடு. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கேயும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் ஊரில் இத்தனை மாண்டிசோரி பள்ளிகள் இருப்பதற்கு அந்த வருஷங்களும் ஒரு காரணம். வீட்டுக்கு அவரிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும்: தாழ்வான திறந்த அலமாரி.

இரண்டரை அடி உயரம், ஓர் அடி ஆழம், இரண்டு தட்டு. கதவு வேண்டாம். ஒவ்வொரு விளையாட்டுச் சாமானும் ஒரு கூடையில் அல்லது ட்ரேயில் தனித்தனியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டியில் கொட்டி வைத்தால் பிள்ளை அடியில் இருக்கும் ஒன்றைத் தேடி முழுதையும் கவிழ்க்கும், கிடைத்ததும் தேடியதை மறந்துவிடும். மூடி போட்ட பெட்டிதான் இருக்கிறது என்றால் மூடியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். தலையில் விழுவதும் உள்ளே ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்கு மூச்சு முட்டுவதும் மூடியால் வருபவை.

அலமாரியில் ஒரு நேரத்தில் ஆறேழு சாமான்கள் போதும். மற்றவை லாஃப்டில். இரண்டு வாரத்துக்கொரு முறை சிலவற்றை மாற்றுங்கள், பழைய பொம்மை புதுசாகத் திரும்பி வரும். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், சின்னக் குழந்தைகளுக்கு ஒருமுறை 4 பொம்மைகளும் இன்னொருமுறை 16 பொம்மைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். பிறந்தநாளுக்கு வந்து குவியும் பொம்மைகளை என்ன செய்வது என்று தவிக்கிறவர்களுக்கு இது நல்ல துணை.

வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே அம்பாசமுத்திரம் மரச் செப்பிலோ கர்நாடகத்துச் சன்னபட்டணா மரப் பொம்மையிலோ முத்திரை இல்லையே என்று ஒதுக்கிவிட வேண்டாம். கடைசல் மரத்தில் அரக்குப் பூசியவை அவை. கேட்டு, உண்மையான அரக்கு வேலைதான் என்று தெரிந்து வாங்குங்கள். பெயிண்ட் அடித்த மலிவு நகல்களும் சந்தையில் உண்டு.

செப்பு, மரக்கட்டை, ஒரு பழைய புடவை, நாலைந்து அட்டைப்பெட்டி இருந்தால் கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த அறையில் வந்துவிடும். இரண்டு நாற்காலி மேல் புடவையைப் போர்த்திக் கட்டும் கூடாரத்துக்காகவாவது அந்த ஐந்தடித் தரையை விட்டு வையுங்கள்.

புத்தகங்களை முதுகு தெரிய அடுக்கினால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் வரிசை. அட்டை தெரியும்படி வைக்கும் ஒடுக்கமான சட்டம் ஒன்றைக் கட்டில் பக்கச் சுவரில் இரண்டடி உயரத்தில் அடித்துவிடுங்கள்.

ஏழாம் படி: படிப்பு மேசை

ஒன்றாம் வகுப்புக்கு முன் பெரிய மேசை வேண்டாம். வாங்கும்போது வயதைப் பார்க்காமல் பிள்ளையின் உயரத்தைப் பாருங்கள். பள்ளி மேசை நாற்காலிகளுக்கான ஐரோப்பியத் தர அளவு இப்படிப் போகிறது: ஒரு மீட்டரைச் சுற்றி உயரமுள்ள பிள்ளைக்கு நாற்காலி 26 செ.மீ., மேசை 46 செ.மீ. உயரம். 115 செ.மீ. பிள்ளைக்கு 31, 53. 130 செ.மீ. பிள்ளைக்கு 35, 59. நம் ஆசாரிகள் வழக்கமாகச் செய்யும் பெரியவர் மேசை 75 செ.மீ. அதில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை உட்கார வைத்தால் தோளைத் தூக்கிக்கொண்டு, கால் அந்தரத்தில் ஆட எழுதும். ஏற்கெனவே அப்படி ஒரு மேசை இருந்தால் நாற்காலியில் மெத்தை வைத்து உயர்த்தி, காலுக்கு அடியில் ஒரு பலகை கொடுங்கள். புதிதாகச் செய்தால், சுவரில் திருகும் தாங்கி மேல் மடக்குப் பலகை வைத்து இரண்டு மூன்று உயரங்களுக்குத் துளை போட்டு வைக்கச் சொல்லுங்கள். வளர வளர மேலேற்றலாம். மடக்கினால் தரை காலி.

வலது கைப் பிள்ளைக்கு வெளிச்சம் இடப் பக்கமிருந்து வர வேண்டும், இடது கைப் பிள்ளைக்கு வலப் பக்கமிருந்து. இல்லாவிட்டால் எழுதும் கையின் நிழல் நோட்டில் விழும். ஜன்னலை ஒட்டிப் பக்கவாட்டில் மேசையைப் போட்டால் பகலில் விளக்கே தேவையிருக்காது. ஏறி நிற்கும் வயதில் சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

எட்டாம் படி: வெளிச்சம், காற்று, கொசு

அறை விளக்குகளை இரண்டு ஸ்விட்சில் பிரியுங்கள். விளையாட, படிக்க 4000 கெல்வின் வெண்மை (கெல்வின் என்பது விளக்கு டப்பாவில் போட்டிருக்கும் வெளிச்ச நிறத்தின் அளவு). தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு 2700 கெல்வின் மஞ்சள். நீல வெள்ளை டியூப் லைட் ராத்திரி பத்து மணி வரை எரியும் அறையில் பிள்ளை தூங்க மறுப்பதில் வியப்பில்லை. ராத்திரி விளக்கு, மங்கலான ஆரஞ்சு நிறத்தில், குளியலறைக்குப் போகும் வழியில் முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் இந்த அறையின் ஃபேனும் ராத்திரி விளக்கும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏசி வைத்தால் காற்று நேரே கட்டில் மேல் விழாத சுவரில் வையுங்கள். 24லிருந்து 26 டிகிரி போதும். கொசுவுக்கு முதல் வழி ஜன்னல் வலை, இரண்டாவது கட்டில் வலை. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், மத்தியானத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். மூடிய அறையில் சுருள் கொளுத்தாதீர்கள். லிக்விட் மெஷின் போடுவதானால் பிள்ளைக்கு எட்டாத மேல் ப்ளக்கில் மட்டும். அந்தத் திரவத்தைப் பிள்ளைகள் குடித்துவிடுவது உண்டு.

ஒன்பதாம் படி: துணி அலமாரியும் பாட்டியின் இடமும்

அலமாரியின் கீழ்ப் பாதி பிள்ளைகளுக்கு, மேல் பாதி பெரியவர்களுக்கு. துணி தொங்கவிடும் கம்பியைத் தரையிலிருந்து மூன்றடியில் போடுங்கள், ஐந்து வயதுப் பிள்ளை தன் யூனிஃபார்மைத் தானே எடுக்கும். கதவுக்குப் பின்னால் பையும் தண்ணீர் பாட்டிலும் மாட்ட இரண்டு கொக்கி, அதுவும் பிள்ளை உயரத்தில், ஆனால் கண்ணுக்கு நேரே வராமல் தோளுக்குக் கீழே.

பாட்டியோ தாத்தாவோ அதே அறையில் இருந்தால் திட்டமே கொஞ்சம் மாறும். கட்டில் அவருக்கு, தரைப் படுக்கை பிள்ளைகளுக்கு. கட்டிலிலிருந்து கதவுக்குப் போகும் வழியில் ஜமக்காளம், பொம்மை எதுவும் ராத்திரி கிடக்கக் கூடாது, வயதானவர்கள் தடுக்கி விழுவது அதில்தான். முக்கியமாக மாத்திரைகள். பிரஷர், சுகர் மாத்திரைகள் தலையணை அடியிலும் ஜன்னல் திண்டிலும் சுருக்குப் பையிலும் இருக்கும். ஒரே ஒரு மாத்திரைகூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்தாகலாம். அலமாரியின் மேல் தட்டில் பூட்டுள்ள சின்ன டப்பா ஒன்றை ஒதுக்கி, “மாத்திரையெல்லாம் இதிலேயே வச்சிடுங்க அம்மா” என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைக்காக என்றால் எந்தப் பாட்டியும் மறுக்க மாட்டார். கதை சொல்ல அவர் தரையில் உட்கார முடியாதவராக இருந்தால் சாய்மானம் உள்ள ஒரு நாற்காலி அந்த மூலையில் இருக்கட்டும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது

முதலில் எலக்ட்ரீஷியன்: பாயின்ட் மாற்றுவது, ஆர்.சி.சி.பி., விளக்கு ஸ்விட்ச் பிரிப்பது. சுவரை உடைக்கும் வேலை அதோடு முடிய வேண்டும். அடுத்து ஜன்னல் கிரில், வெல்டிங். மூன்றாவது ஆசாரி வேலை, சுவரோடு பிணைக்கும் திருகுகளும் அதோடு சேர்த்து. நான்காவது பெயிண்ட். ஆசாரிக்கு முன்னால் பெயிண்ட் முடித்தால் சுவர் முழுக்கக் கீறலோடு மறுபடி அடிக்க வேண்டிவரும். கடைசியில் கொசுவலை, திரை.

பெயிண்டும் ப்ளைவுட்டும் முடிந்தபின் இரண்டு வாரமாவது ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனை ஓட விட்டு அறையைக் காற்றாட விடுங்கள். குழந்தை பிறக்கப்போகிறது என்று அவசரமாகத் தொடங்குபவர்கள் இந்த இரண்டு வாரத்தையும் கணக்கில் சேர்த்து முன்னாடியே தொடங்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் மார்கழியில் இந்த வேலையைச் சேர்த்துச் செய்வது வசதி, மழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காயும்.

அப்புறம் வருஷம் ஒருமுறை, பிள்ளையின் பிறந்தநாளை ஒட்டி, அரை நாள் ஒதுக்குங்கள். கட்டில் தடுப்புத் திருகுகளையும் சுவர் ஆங்கிள்களையும் ஆட்டிப் பார்த்து இறுக்குங்கள். ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். மேசைப் பலகையை அடுத்த துளைக்கு ஏற்றுங்கள், கொக்கிகளை மேலே நகர்த்துங்கள். பிள்ளைக்கு இப்போது எதெல்லாம் எட்டுகிறது என்று அவனையோ அவளையோ பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். போன வருஷம் எட்டாமல் இருந்த தாழ்ப்பாளும் ப்ளக்கும் இந்த வருஷம் எட்டும்.